அனுமதி பெற்றவர்கள் மட்டும் நுழையும்படி வலைச் சேவையகக் கோப்பகத்தைப் பூட்டும் முறை

ஒரு வலைத்தளம் எல்லோருக்கும் திறந்திருக்கும்போதே, அதன் ஒரு கோப்பகத்தை மட்டும் சிலருக்கென ஒதுக்கிவைக்க வேண்டிய தேவை அடிக்கடி எழுகிறது. இன்னும் வெளியிடப்படாத அறிக்கைகள், குழுவினர் மட்டும் படிக்க வேண்டிய வரைவுகள், உருவாகிக்கொண்டிருக்கும் தளத்தின் முன்னோட்டம் ஆகியவை அத்தகையவை. இதற்காக உள்நுழைவுப் பக்கமும் தரவுத்தளமும் கொண்ட தனி நிரல் எழுத வேண்டியதில்லை. இதைச் செய்யும் வசதி சேவையக மென்பொருளிலேயே இருக்கிறது. அமைப்பதும் சில வரிகளில் முடிந்துவிடும். ஆனால் கடவுச்சொல் கேட்கும் பெட்டி திரையில் தோன்றியவுடன் வேலை முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணிவிடுகிறார்கள். பெட்டி தோன்றுவது ஒரு வழி அடைபட்டிருப்பதை மட்டுமே காட்டும். அதே கோப்புகளுக்கு வேறு வழிகள் திறந்து கிடக்கலாம். ஆகவே இந்த வழிகாட்டியில் பூட்டுவதற்கு எவ்வளவு இடம் தருகிறேனோ, பூட்டு எங்கெல்லாம் பொருந்தாமல் போகிறது என்பதற்கும் அவ்வளவு இடம் தருகிறேன்.

முதலில் அப்பாச்சி சேவையகத்தையும், பிறகு என்ஜின்எக்ஸ் சேவையகத்தையும் எடுத்துக்கொள்வோம். கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றின் மூல எழுத்துகளையே பயன்படுத்த வேண்டும்.

எவையெல்லாம் பூட்டு ஆகா

கோப்பகத்தின் பெயரை யாரும் ஊகிக்க முடியாதபடி வைப்பது பாதுகாப்பு அன்று. முகவரி ஒருமுறை மின்னஞ்சலிலோ உலாவியின் வரலாற்றிலோ வேறொரு தளத்தின் பதிவேட்டிலோ பதிந்துவிட்டால் மறைவு போய்விடும். ரோபாட்ஸ் கோப்பில் அந்தக் கோப்பகத்தைக் குறிப்பிட்டுத் தேடுபொறிகளை விலக்கிவைப்பது இன்னும் மோசமானது: அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதால், மறைக்க விரும்பிய இடத்தை நாமே ஊருக்கு அறிவித்ததாகிவிடும். ‘ஆப்ஷன்ஸ் மைனஸ் இண்டெக்சஸ்’ என்ற வரியைச் சேர்த்தால் கோப்புகளின் பட்டியல் காட்டப்படாது. அது நல்ல பழக்கம்தான்; ஆனாலும் கோப்பின் பெயரை அறிந்தவர் அதை நேரே திறந்துவிடலாம்.

அடிப்படைச் சோதனை எப்படி இயங்குகிறது

‘பேசிக் ஆதென்டிகேஷன்’ எனப்படும் அடிப்படை அடையாளச் சோதனை எச்டிடிபி நெறிமுறையின் தொடக்க காலத்திலிருந்தே இருந்துவருகிறது. அதன் இன்றைய வரையறை 2015-இல் வெளியான ஆர்எஃப்சி 7617 என்ற இணையத் தரநிலை ஆவணம். பூட்டிய கோப்பகத்தை உலாவி கேட்கும்போது சேவையகம் ‘அடையாளம் தேவை’ எனப் பொருள்படும் 401 என்ற நிலைக்குறியைத் திருப்பி அனுப்புகிறது. உலாவி பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டுப் பெற்று, இரண்டையும் ஒரு முக்காற்புள்ளியால் இணைத்து, பேஸ்64 முறையில் குறியேற்றி, அதே கோரிக்கையுடன் சேர்த்து மறுபடியும் அனுப்புகிறது. அதன் பிறகு அந்தக் கோப்பகத்துக்குள் செல்லும் ஒவ்வொரு கோரிக்கையிலும், ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு பாணிக் கோப்புக்கும்கூட, அது அந்தத் தகவலை இணைத்தே அனுப்பும்.

பேஸ்64 என்பது மறையாக்கம் அன்று. எழுத்துகளை வேறு வடிவில் எழுதும் முறை மட்டுமே. திறவுகோல் ஏதும் இல்லாமலே யாரும் அதை ஒரு நொடியில் திருப்பிப் படித்துவிடலாம். ஆகவே இணைப்பை மறையாக்கம் செய்யும் எச்டிடிபிஎஸ் இல்லாத தளத்தில் இந்தப் பூட்டைப் போடுவது, கடவுச்சொல்லை வழியெங்கும் உரக்கச் சொல்லிக்கொண்டு போவதற்கு ஒப்பாகும். எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தேவையான சான்றிதழ்களை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகவே வழங்குவதால், இதைத் தள்ளிப்போட இன்று காரணம் எதுவும் இல்லை.

சான்றிதழ் இருந்தாலும் ஒரு நுட்பமான தவறுக்கு இடம் உண்டு. எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பிவிடும் ரீரைட் விதியையும் கடவுச்சொல் வரிகளையும் ஒரே புள்ளி-எச்டிஆக்சஸ் கோப்பில் (கோப்பகத்துக்குள்ளேயே வைக்கப்படும் அமைவுக் கோப்பு) எழுதினால், அப்பாச்சி முதலில் கடவுச்சொல்லைத்தான் கேட்கும்; திருப்பிவிடுவது அதற்குப் பின்னரே நடக்கும். பயனர் இருமுறை கடவுச்சொல் தர வேண்டியிருக்கும், அதில் முதல் முறை தந்தது மறையாக்கம் இல்லாமலே சென்றிருக்கும். இதைத் தவிர்க்க, முதன்மை அமைவில், எச்டிடிபி கோரிக்கைகள் வந்துசேரும் 80-ஆம் போர்ட்டுக்குரிய விர்ச்சுவல் ஹோஸ்ட் பகுதியில் (ஒரு தளத்துக்கென எழுதப்படும் அமைவுப் பகுதி) ‘ரீடைரக்ட்’ கட்டளையை நேரடியாக எழுதிவிடுங்கள். அங்கே எழுதினால், கடவுச்சொல் கேட்கும் கட்டத்துக்கு முன்பே கோரிக்கை திருப்பி அனுப்பப்பட்டுவிடும்.

கடவுச்சொல் கோப்பு

பயனர் பெயர்களையும் கடவுச்சொற்களின் ஹாஷ் மதிப்புகளையும் (கடவுச்சொல்லிலிருந்து கணக்கிடப்படும், திருப்பிப் படிக்க முடியாத வடிவம்) வைக்க ஒரு கோப்பு வேண்டும். அதை உருவாக்கும் கருவியின் பெயர் ‘எச்டிபாஸ்வேர்ட்’. ஆனால் தட்டச்சும்போது ‘வேர்ட்’ என்ற பகுதியில் டபிள்யூ, டி ஆகிய இரண்டு எழுத்துகள் மட்டுமே வரும். டெபியன், உபுண்டு ஆகியவற்றில் இது ‘அப்பாச்சி2-யூடில்ஸ்’ தொகுப்பிலும், ஃபெடோரா, ரெட் ஹாட் குடும்பத்தில் ‘எச்டிடிபிடி-டூல்ஸ்’ தொகுப்பிலும் கிடைக்கும்.

முதல் பயனரைச் சேர்க்கும்போது, சிறிய ‘சி’ விருப்பத்தையும் பெரிய ‘பி’ விருப்பத்தையும் தந்து, கோப்பின் முழுப் பாதையையும் பயனர் பெயரையும் எழுத வேண்டும். சிறிய ‘சி’ புதிய கோப்பை உருவாக்கும். பெரிய ‘பி’ பிகிரிப்ட் முறையில் ஹாஷ் செய்யும். இரண்டாவது பயனரிலிருந்து சிறிய ‘சி’யைக் கட்டாயம் விட்டுவிடுங்கள். மறந்து அதையும் சேர்த்தால், கருவி எந்த எச்சரிக்கையும் தராமல் பழைய கோப்பை அழித்துவிட்டு, புதிய பயனர் ஒருவரை மட்டும் கொண்ட கோப்பை எழுதிவைக்கும். நேற்றுவரை உள்ளே வந்தவர்கள் இன்று வர முடியவில்லை என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

சிறிய ‘பி’ விருப்பம் வேறு: அது கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே எழுத இடம் தருகிறது. அப்படி எழுதியது முனையத்தின் வரலாற்றில் தங்கிவிடும். அதே கணினியில் இருக்கும் மற்றவர்கள் இயங்கும் செயல்களின் பட்டியலைப் பார்க்கும்போதும் கண்ணில் படக்கூடும். அதைத் தவிர்த்து, கருவி கேட்கும்போது கடவுச்சொல்லைத் தருவதே முறை. பழைய ‘கிரிப்ட்’ முறையையும் பயன்படுத்த வேண்டாம். அது கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகளை மட்டுமே பார்க்கிறது, மீதி எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறது. எஸ்எச்ஏ-1 விருப்பமோ உப்பு (ஒவ்வொரு கடவுச்சொல்லுடனும் கலக்கப்படும் தற்செயல் எழுத்துகள்) சேர்க்காத ஹாஷ் என்பதால் அதுவும் வேண்டாம்.

பிகிரிப்ட்டின் கடினத்தன்மையைப் பெரிய ‘சி’ விருப்பத்தால் கூட்டலாம். இயல்பான மதிப்பு 5. ஒவ்வோர் எண்ணைக் கூட்டும்போதும் கணக்கிடும் நேரம் இருமடங்காகும். இங்கே எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அடிப்படைச் சோதனை ஒவ்வொரு கோரிக்கையிலும் நடப்பதால், 50 படங்கள் கொண்ட ஒரு பக்கத்தைத் திறந்தால் ஹாஷ் கணக்கு ஐம்பது முறைக்கு மேல் செய்யப்படும். மதிப்பை அளவுக்கு மீறி உயர்த்திவிட்டுத் தளம் ஏன் மெதுவாகிவிட்டது என்று வியப்பதில் பயனில்லை. சற்றே உயர்த்தி, நீளமான கடவுச்சொற்களை வற்புறுத்துவதே சிறந்தது என்பது என் கருத்து.

கடவுச்சொல்லைத் தமிழ் எழுத்துகளில் வைக்கலாமா என்று ஒருவருக்குத் தோன்றலாம். ஆசை நியாயமானதே, ஆனால் இந்த இடத்தில் வேண்டாம். அடிப்படை லத்தீன் எழுத்துகளுக்கு அப்பாற்பட்டவற்றை எந்தக் குறியேற்றத்தில் அனுப்புவது என்பதில் எல்லா உலாவிகளும் நிரல்களும் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. அதோடு பிகிரிப்ட் 72 பைட்டுகள் வரை மட்டுமே கணக்கில் கொள்கிறது; யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் தேவைப்படுவதால், 24 குறியீடுகளிலேயே அந்த எல்லை வந்துவிடும். பயனர் பெயரில் முக்காற்புள்ளி வரக் கூடாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கோப்பை எங்கே வைப்பது என்பது முக்கியம். வலைத்தளத்தின் ஆவண வேருக்குள், அதாவது உலாவி வழியாக எட்டக்கூடிய எந்த இடத்திலும், அது இருக்கக் கூடாது. புள்ளி-எச்டி என்று தொடங்கும் பெயர்களை அப்பாச்சி இயல்பாகவே வெளியே தருவதில்லை என்றாலும், அந்த ஒரு விதியை நம்பி இருப்பதைவிட, அப்பாச்சியின் அமைவுக் கோப்புகள் இருக்கும் கோப்பகத்தில் வைப்பது மேல். உரிமையாளராக ரூட் பயனரையும், குழுவாகச் சேவையகம் இயங்கும் குழுவையும் அமைத்து, அனுமதியை 640 ஆக்குங்கள். சேவையகம் படிக்க வேண்டும், எழுத வேண்டியதில்லை. மற்றவர்கள் படிக்கவே கூடாது.

அப்பாச்சியில் பூட்டுதல்

வரிகளை எழுத மூன்று இடங்கள் உண்டு: முதன்மை அமைவிலுள்ள ‘டைரக்டரி’ பகுதி, ‘லொகேஷன்’ பகுதி, கோப்பகத்துக்குள்ளேயே வைக்கப்படும் புள்ளி-எச்டிஆக்சஸ் கோப்பு. முதன்மை அமைவைத் திருத்தும் உரிமை உங்களுக்கு இருந்தால் ‘டைரக்டரி’ பகுதியையே தேர்ந்தெடுங்கள். அது வட்டில் இருக்கும் கோப்பகத்தைக் காக்கிறது. எந்த முகவரி வழியாக வந்தாலும் கடைசியில் அந்தக் கோப்பகத்தைத்தான் தொட வேண்டும் என்பதால் பூட்டு பொருந்தும். ‘லொகேஷன்’ முகவரியை மட்டுமே காக்கிறது. அதே கோப்பகத்துக்கு ‘அலையஸ்’ கட்டளையால் இன்னொரு முகவரி தரப்பட்டிருந்தால், அந்த வழி திறந்தே இருக்கும். வட்டில் இல்லாத, வேறொரு நிரலுக்குத் திருப்பிவிடப்படும் முகவரிகளுக்கு மட்டும் அது பொருத்தமானது.

எழுத வேண்டிய வரிகள் நான்கு. ‘ஆத்டைப் பேசிக்’ சோதனையின் வகையைச் சொல்கிறது. ‘ஆத்நேம்’ என்ற வரியில் மேற்கோள் குறிகளுக்குள் ஒரு பெயர் தர வேண்டும். உலாவி எந்தப் பகுதிக்கு எந்தக் கடவுச்சொல் என்பதை இந்தப் பெயரைக் கொண்டே நினைவில் வைக்கிறது. ‘ஆத்யூசர்ஃபைல்’ வரியில் கடவுச்சொல் கோப்பின் முழுப் பாதையைத் தாருங்கள். சாய்கோட்டில் தொடங்காத பாதையை எழுதினால், அது கோப்பகத்தை அன்றி அப்பாச்சியின் அடிப்படைக் கோப்பகத்தைத் தொடக்கமாகக் கொள்ளும். ‘ரிக்வயர் வேலிட்-யூசர்’ என்ற நான்காவது வரிதான் உண்மையில் கதவை மூடுவது.

எழுதியபின் ‘அப்பாச்சிசிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட்’ கட்டளையால் இலக்கணப் பிழை இல்லை என்று உறுதிசெய்துவிட்டு, ‘கிரேஸ்ஃபுல்’ முறையில் மீளேற்றம் செய்யுங்கள். நடந்துகொண்டிருக்கும் இணைப்புகள் அறுபடாது. கடவுச்சொல் கோப்பில் பின்னர் செய்யும் மாற்றங்களுக்கு மீளேற்றம் தேவையில்லை.

பகிர்வு ஹோஸ்டிங்கில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் புள்ளி-எச்டிஆக்சஸ் மட்டுமே வழி. இங்கே ஓர் ஆபத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கோப்பைப் படிக்கலாமா என்பதை ‘அலவ்ஓவர்ரைட்’ என்ற கட்டளை தீர்மானிக்கிறது. அதன் மதிப்பு ‘நன்’ என்று இருந்தால் (இப்போதைய அப்பாச்சியில் இயல்பான மதிப்பே அதுதான்) உங்கள் கோப்பு முழுமையாகப் புறக்கணிக்கப்படும். பிழைச் செய்தியும் வராது, கடவுச்சொல்லும் கேட்கப்படாது, கோப்பகம் முன்போலவே திறந்திருக்கும். வேறு சில வகைகள் அனுமதிக்கப்பட்டு கடவுச்சொல் வரிகளுக்குரிய ‘ஆத்கான்ஃபிக்’ மட்டும் விடுபட்டிருந்தால், சேவையகத்தின் உட்பிழையைக் குறிக்கும் 500 வரும். பார்ப்பதற்குப் பதற்றம் தந்தாலும் இரண்டாவது நிலைமையே நல்லது, ஏனென்றால் அது தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது.

யாரை அனுமதிப்பது

‘வேலிட்-யூசர்’ என்றால் கடவுச்சொல் கோப்பில் உள்ள எல்லோரும். ஒரே கோப்பைப் பல கோப்பகங்களுக்குப் பயன்படுத்தினால் இது போதாது. ‘ரிக்வயர் யூசர்’ என்று எழுதிப் பெயர்களை இடைவெளி விட்டு வரிசையாகத் தரலாம். பயனர்கள் பெருகும்போது குழுவே வசதி. ஒரு தனிக் கோப்பில் குழுவின் பெயர், முக்காற்புள்ளி, பிறகு உறுப்பினர்களின் பெயர்கள் என எழுதி, அதை ‘ஆத்குரூப்ஃபைல்’ வரியில் சுட்டி, ‘ரிக்வயர் குரூப்’ என்று கேட்க வேண்டும். இதற்குக் குழுக் கோப்புக்கான மாட்யூல் (சேவையகத்தின் துணைக் கூறு) இயக்கப்பட்டிருக்க வேண்டும்.

குறிப்பிட்ட வலையமைப்பிலிருந்து மட்டும், அதுவும் கடவுச்சொல்லுடன் மட்டும் நுழைய வேண்டும் என்று விரும்புவோர் ‘ரிக்வயர் ஐபி’ என்ற வரியையும் ‘ரிக்வயர் வேலிட்-யூசர்’ என்ற வரியையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு இரண்டும் சேர்ந்து இயங்கும் என நம்புகிறார்கள். இயங்காது. தனியே எழுதப்படும் பல ‘ரிக்வயர்’ வரிகளில் ஏதேனும் ஒன்று நிறைவேறினாலே அப்பாச்சி 2.4 கதவைத் திறந்துவிடும். அந்த வலையமைப்பில் இருப்பவர் கடவுச்சொல் இன்றியும், கடவுச்சொல் அறிந்தவர் உலகின் எந்த மூலையிலிருந்தும் வரலாம். இரண்டும் வேண்டுமென்றால் அவற்றை ‘ரிக்வயர்ஆல்’ என்ற உறைக்குள் வைக்க வேண்டும். 2012-இல் வெளியான 2.4 பதிப்புக்கு முந்தைய ‘ஆர்டர்’, ‘அலவ்’, ‘டினை’ வரிகள் இன்னும் பல பழைய குறிப்புகளில் காணப்படுகின்றன. அவற்றைப் புதிய வரிகளுடன் கலக்காதீர்கள்.

உங்கள் சேவையகத்துக்கு முன்னால் ஒரு ப்ராக்ஸி (கோரிக்கைகளை வாங்கிச் சேவையகத்துக்குக் கடத்தும் இடைநிலைச் சேவையகம்) இருக்குமானால், எல்லாக் கோரிக்கைகளும் ப்ராக்ஸியின் முகவரியிலிருந்தே வருவதாக அப்பாச்சிக்குத் தோன்றும். ப்ராக்ஸியும் அதே கணினியில் இருந்து, ‘ரிக்வயர் லோக்கல்’ என்றும் எழுதியிருந்தால், உலகம் முழுவதும் உள்ளூர் ஆகிவிடும். ‘ரிமோட்ஐபி’ மாட்யூலை அமைத்து, உண்மையான முகவரி கிடைப்பதைப் பதிவேட்டில் பார்த்து உறுதிசெய்த பிறகே ஐபி முகவரியை நம்ப வேண்டும்.

மற்றொரு பழைய தவறு, ‘லிமிட் கெட் போஸ்ட்’ என்ற உறைக்குள் ‘ரிக்வயர்’ வரியை வைப்பது. அந்த உறை, பெயர் குறிப்பிட்ட கோரிக்கை வகைகளை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. வேறு வகையில் வரும் கோரிக்கைக்குக் கடவுச்சொல் கேட்கப்படாது. எல்லா வகைகளையும் பூட்டுவதே நோக்கம் என்பதால் இந்த உறையே தேவையில்லை.

துணைக் கோப்பகங்களிலும் கவனம் வேண்டும். மேலே எழுதிய கட்டுப்பாடு கீழே உள்ளவற்றுக்கும் பொருந்தும், ஆனால் கீழுள்ள ஒரு புள்ளி-எச்டிஆக்சஸ் கோப்பில் வேறு ‘ரிக்வயர்’ வரி இருந்தால் அதுவே மேலுள்ளதை மாற்றிவிடும். பயனர்கள் கோப்பு ஏற்றக்கூடிய கோப்பகங்களில் இப்படி மாற்றும் உரிமையைத் தராமல் இருப்பதே நல்லது.

என்ஜின்எக்ஸில் பூட்டுதல்

2004 முதல் கிடைத்துவரும் என்ஜின்எக்ஸ், புள்ளி-எச்டிஆக்சஸ் கோப்பை ஒருபோதும் படிப்பதில்லை. அப்பாச்சியிலிருந்து மாறும் தளங்கள் இதனாலேயே பூட்டை இழந்துவிடுகின்றன. இங்கே ‘லொகேஷன்’ பகுதிக்குள் ‘ஆத்_பேசிக்’ வரியில் பெயரையும் ‘ஆத்_பேசிக்_யூசர்_ஃபைல்’ வரியில் கடவுச்சொல் கோப்பையும் தர வேண்டும். கோப்பின் வடிவம் அப்பாச்சியினுடையதே. ஆனால் பிகிரிப்ட் ஹாஷைப் புரிந்துகொள்வது இயங்குதளத்தின் ‘கிரிப்ட்’ நூலகத்தைப் பொறுத்தது. சரியான கடவுச்சொல்லும் ஏற்கப்படவில்லை என்றால் இதைச் சோதியுங்கள்.

என்ஜின்எக்ஸ் ஒரு கோரிக்கைக்கு ஒரே ஒரு லொகேஷன் பகுதியைத்தான் தேர்ந்தெடுக்கும். நீங்கள் பூட்டிய பகுதி சாதாரண முன்னொட்டாக இருந்து, பிஎச்பி நிரல் கோப்புகளைக் கையாளும் சுருங்குறித்தொடர்ப் பகுதி (முகவரியின் எழுத்து அமைப்பைக் கொண்டு பொருத்திப் பார்க்கும் பகுதி) வேறாக இருந்தால், பூட்டிய கோப்பகத்திலுள்ள பிஎச்பி கோப்புகள் அந்த இரண்டாவது பகுதிக்குப் போய்விடும். அங்கே பூட்டு இல்லை. படங்களுக்கும் பிடிஎஃப் கோப்புகளுக்கும் கடவுச்சொல் கேட்கும் அதே கோப்பகம், நிரல்களை மட்டும் கேள்வியின்றி இயக்கும். முன்னொட்டுக்கு முன் தொப்பிக் குறியையும் அலைக்குறியையும் சேர்த்து எழுதினால் சுருங்குறித்தொடர்கள் பார்க்கப்பட மாட்டா; பிஎச்பி தேவைப்பட்டால் அதற்கான பகுதியைப் பூட்டிய பகுதிக்குள்ளேயே எழுதிவிடுங்கள்.

ஐபி கட்டுப்பாட்டையும் சேர்க்கும்போது, அப்பாச்சிக்கு நேர்மாறாக, என்ஜின்எக்ஸ் இயல்பாகவே இரண்டும் நிறைவேற வேண்டும் என்று கேட்கும். ஒன்று போதுமென்றால்தான் ‘சாடிஸ்ஃபை எனி’ என்று எழுத வேண்டும். ‘என்ஜின்எக்ஸ்’ கட்டளையைச் சிறிய ‘டி’ விருப்பத்துடன் (‘டெஸ்ட்’ என்பதன் முதல் எழுத்து) இயக்கி அமைவைச் சரிபார்த்த பின் மீளேற்றம் செய்யுங்கள்.

திறந்து பார்த்துச் சோதித்தல்

உலாவி ஒருமுறை பெற்ற கடவுச்சொல்லை மூடும்வரை நினைவில் வைத்திருக்கும், வெளியேறும் பொத்தானும் கிடையாது. ஆகவே சோதனைக்கு உலாவியை நம்பாமல், முனையத்திலிருந்து வலைக் கோரிக்கை அனுப்பும் ‘கர்ல்’ கருவியைப் பயன்படுத்துங்கள். பெரிய ‘ஐ’ விருப்பத்துடன் கோப்பகத்தின் முகவரியைக் கேட்டால் 401 வர வேண்டும். சிறிய ‘யூ’ விருப்பத்தில் பயனர் பெயரைத் தந்து, அது கேட்கும் கடவுச்சொல்லையும் தந்தால், கோரிக்கை நிறைவேறியதைக் குறிக்கும் 200 வர வேண்டும். தவறான கடவுச்சொல்லுக்கு மறுபடியும் 401. கோப்பகத்தில் முகப்புக் கோப்பு இல்லாமல், பட்டியல் காட்டுவதையும் நிறுத்தியிருந்தால் சரியான கடவுச்சொல்லுக்கும் 403 (அனுமதி மறுப்பு) வரும். அப்போது உள்ளிருக்கும் ஒரு கோப்பின் முகவரியைக் கொண்டு சோதியுங்கள். கடவுச்சொல் இல்லாமலே 200 வந்தால் பூட்டு இல்லை. 500 வந்தால் பெரும்பாலும் கடவுச்சொல் கோப்பின் பாதை தவறு அல்லது சேவையகத்துக்கு அதைப் படிக்கும் அனுமதி இல்லை, பிழைப் பதிவேட்டில் காரணம் எழுதப்பட்டிருக்கும்.

இதே சோதனையை உள்ளே இருக்கும் ஒரு படம், ஒரு பிஎச்பி கோப்பு, ஒரு துணைக் கோப்பகம் ஆகியவற்றுக்கும் செய்யுங்கள். எச்டிடிபி வழியாகவும் கேட்டுப் பாருங்கள். 401 வராமல் திருப்பிவிடப்பட வேண்டும். தளத்தின் பெயருக்குப் பதிலாகச் சேவையகத்தின் ஐபி முகவரியைத் தந்தும், அதே கணினியில் இயங்கும் மற்றத் தளங்களின் பெயர்களைத் தந்தும் கேளுங்கள். ‘போஸ்ட்’ கோரிக்கையையும் அனுப்பிப் பாருங்கள். இடையில் கேஷ் சேவை ஏதேனும் இருந்தால், பூட்டுவதற்கு முன் சேமித்த நகல்களை அது இன்னும் எல்லோருக்கும் தந்துகொண்டிருக்கக்கூடும். அவற்றை நீக்கச் செய்யுங்கள்.

பூட்டிய பின்

அணுகல் பதிவேட்டின் ஒவ்வொரு வரியிலும் மூன்றாவது இடத்தில் பயனர் பெயர் இருக்கும். 401 பெற்ற வரிகளில் அந்தப் பெயரை நம்ப வேண்டாம். அது யாரோ முயன்று பார்த்த பெயர் மட்டுமே. எத்தனை முறை தவறினாலும் அடிப்படைச் சோதனை யாரையும் தடுத்துவைக்காது என்பதால், இணையத்துக்குத் திறந்த சேவையகத்தில், திரும்பத் திரும்பத் தவறும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்டுபேன் போன்ற கருவியையும் சேர்த்து இயக்குங்கள். அப்பாச்சிக்கும் என்ஜின்எக்ஸுக்கும் உரிய விதிகள் அதனுடனேயே வருகின்றன.

ஒரே பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் குழுவினர் எல்லோருக்கும் பகிர்ந்துகொடுக்காதீர்கள். ஆளுக்கொரு பெயர் இருந்தால், ஒருவர் பொறுப்பிலிருந்து விலகும் நாளில் எச்டிபாஸ்வேர்ட் கருவியைப் பெரிய ‘டி’ விருப்பத்துடன் (‘டெலீட்’ என்பதன் முதல் எழுத்து) இயக்கி அவருடைய வரியை மட்டும் நீக்கினால் போதும். அடுத்த கோரிக்கையிலேயே அவருக்கு 401 வரும், மற்றவர்கள் யாருக்கும் புதிய கடவுச்சொல் தர வேண்டியிராது.